ஒரு தடவைதான் கேட்டார்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நான் எழுதிய கணினி நிரலை யாராவது குறை சொன்னால், அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

பதினாறு வருடங்களாக ஒரே கம்பெனியில் இருக்கிறேன். தலைமை அலுவலகம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கம்பெனியின் கிடங்கு போர்ட் கிள்ளானில். கப்பலில் வந்த சரக்கு அங்கே இறங்கும். லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை அங்கேயே கிடக்கும். எந்தச் சரக்கு எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு நிரல் உண்டு. அதைப் பெர்ல் மொழியில் எழுதியவள் நான். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பெர்லா?" என்று கேட்பார்கள். யாரோ செத்துப்போனவரை விசாரிக்கிற குரல். "இன்னும் ஓடுது இல்ல" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த நிரல் கிடங்கைப் பெட்டிக்குள் பெட்டியாக நினைவில் வைத்திருந்தது. கிடங்கு ஒரு பெரிய பெட்டி. அதற்குள் பகுதிகள், பகுதிக்குள் வரிசைகள், வரிசைக்குள் பலகைகள், பலகைமேல் சரக்குகள். சில சரக்குக்குள்ளேயே வேறு வேறு ஆட்களுடைய பொட்டலங்கள். தேடுகிற நிரல் துணுக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கும். கேட்ட எண் இருந்தால் இடத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால், அதைத் திறப்பதற்குத் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். எவ்வளவு ஆழம் என்று அதற்குக் கவலை இல்லை. மொத்தம் இருபது வரிகூட வராது. அந்த இருபது வரியைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கிடங்கில் அதைத் தினமும் பயன்படுத்தியவரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே. கிள்ளான்காரர், ரயில்வேக் குடும்பம், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. ஐம்பத்து நாலு வயது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த ஸ்டோரில் சரக்கை வாங்கி, பதிந்து, தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அங்கே போனதே நாலைந்து தடவை இருக்கும். போனால் அவர் மேசைக்கு எதிரே நின்றபடி பாலில்லாத ஒரு கோப்பிஓ குடிப்பேன், "எல்லாம் ஓகேயா அக்கா?" என்பேன், "ஓகே மேடம்" என்பார், திரும்பி வந்துவிடுவேன்.

போன வருடம் அக்கா மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு வடக்கே ஒரு மாதா கோவில் திருவிழாவுக்குப் போனார். அவருக்குப் பதிலாகத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். இரண்டாம் நாள், ஒரு தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் இயந்திர உதிரிபாகம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். அதிகாரி எண்ணைத் தட்டிப் பார்த்தார். இல்லை என்று திரை சொன்னது. வரவில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அங்கே இயந்திரம் நின்றுபோய், ஆட்கள் சும்மா உட்கார்ந்து, அந்தத் தொழிற்சாலை எங்கள் முதலாளிவரை போய்க் கத்தித் தீர்த்தது.

வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பத்து நிமிடத்தில் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார். வைத்த இடத்திலேயே இருந்தது. லோரி வந்தால் உடனே ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று அதை வாசல் பக்கத்து வரிசைக்கு நகர்த்தி, புது இடத்தைச் சிஸ்டத்தில் பதிந்தார். அங்கேதான் வினை. நான் எழுதிய நிரல் கடைசியாகப் பதிந்த நேரத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், பழையதை அழித்துவிடும். அதனால் அந்தப் பெட்டிக்கு நேராக வியாழக்கிழமைத் தேதி நின்றது.

தலைமை அலுவலகம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. செவ்வாய்க்கிழமை சிஸ்டத்தில் இல்லை, வியாழக்கிழமை இருக்கிறது. அப்படியானால் இந்த அம்மா சரக்கு வந்தபோது பதியவே இல்லை, லீவு முடிந்து வந்ததும் அவசரமாகப் பதிந்துவிட்டு, முன்பே பதிந்ததாகப் பொய் சொல்கிறார். சரக்கு வந்த தேதி அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரின் கையெழுத்தும் இருந்தது. சிஸ்டம் ஒன்று சொல்லும்போது நோட்டை யார் மதிப்பார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை விசாரணை என்றும், குற்றம் உறுதியானால் வேலையிலிருந்து நீக்கம் என்றும் கடிதம் போயிற்று. அதுவரை அக்காவை நாற்காலியிலிருந்து எழுப்பி, வாசலில் லோரி எண் எழுதுகிற வேலைக்கு அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முந்திய புதன்கிழமை என் பாஸ் என்னைக் கூப்பிட்டார். சிஸ்டத்தில் கோளாறு இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு, போதும் என்றார். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. கிடங்கின் தரவை என் கணினியில் இறக்கி, அந்தப் பெட்டியின் எண்ணைக் கொடுத்து, நிரலை முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன். முப்பது தடவையும் கண்டுபிடித்தது. என் நிரலா தவறும் என்று மனதுக்குள் ஒரு சிரிப்பு வேறு. எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை பாஸ் அக்கா எழுதிக் கொடுத்திருந்த விளக்கக் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார். சிரிப்பதற்காகத்தான் அனுப்பினார். அரைப் பக்கம். பெட்டியை எப்போது வாங்கினார், எங்கே வைத்தார் என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி. "எனக்குப் பதிலாக வந்தவர் சிஸ்டத்தை ஒரு தடவைதான் கேட்டார்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் பூக்கடைகளைத் தாண்டுவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. வேலை போகிற நேரத்தில் பொய் சொல்கிறவர் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாரே. இப்படி ஒரு அசட்டு வரியை ஒருவர் எழுதுகிறார் என்றால், அது அவருக்குச் சாதாரண உண்மையாக இருக்க வேண்டும். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

அக்கா வாசலில் குடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லோரி எண் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார்.

"அக்கா, ஒரு தடவதான் கேட்டாருன்னு எழுதியிருக்கீங்களே. எத்தன தடவ கேக்கணும்?"

"ரெண்டு தடவ மேடம். அடம் புடிச்சா மூணு."

"யாரு சொன்னா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வாங்க, காட்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னார். அத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகுதான் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தேன். எதிரே நின்று கோப்பி குடிப்பவர்களுக்கு அது தெரியாது. வெயில்பட்டு வெளுத்துப்போன எழுத்தில், மலாயில், 'தெக்கான் டுவா காலி' என்று எழுதியிருந்தது. இரண்டு முறை அழுத்து. ஸ்டோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயில் எழுதியதாக அக்கா சொன்னார்.

அவர் ஒரு எண்ணைத் தட்டினார். கிடைத்தது. வேறு ஒரு எண்ணைத் தட்டினார். இல்லை என்றது. அதே எண்ணை மறுபடி அழுத்தினார். பதினாலாம் வரிசை, மூன்றாவது பலகை என்றது. காது மந்தமான பெரியவரை இரண்டாம் முறை கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சமும் அலுப்பில்லாமல் அழுத்தினார்.

"மொத தடவ அதுக்கு ஞாபகம் வராது மேடம். இங்க எல்லாருக்கும் தெரியும் லா. புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்துருவோம். அந்த ஆபிசருகிட்ட சொல்ல நான் இல்ல."

நேற்றுத்தான் கோளாறு இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தவரை வாசலில் லோரி எண் எழுத அனுப்பிவிட்டு, பிற்பகல் முழுவதும் அந்த நாற்காலியிலேயே மல்லுக்கட்டினேன். நிரல் எந்தப் பெட்டியைத் திறக்கிறது, அதில் எத்தனை சாமான் இருக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் எழுதிக் காட்டச் சொல்லி இரண்டு வரி சேர்த்தேன். உடனே கோளாறு மறைந்துவிட்டது. எந்த எண்ணைக் கேட்டாலும் முதல் தடவையே கிடைத்தது. அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். மறுபடி இல்லை என்றது. சேர்த்தால் நல்ல பிள்ளை, எடுத்தால் பழைய குணம். நான் வாய்விட்டுத் திட்டிய திட்டுக்கு அக்கா சிலுவையைத் தொட்டுக்கொண்டார். நாலு மணிக்கு அந்த இருபது வரியையும் தாளில் அச்செடுத்துப் பையில் திணித்துக்கொண்டு ரயிலேறினேன்.

ரயிலில் இடம் கிடைத்தது. தாளை மடியில் விரித்து, நானே நிரலாக மாறி, ஒரு விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு படித்தேன். ஷா ஆலம் தாண்டியதும் பாஸ் போன் செய்து எங்கே போனாய் என்றார். வயிற்றுவலி என்றேன். பேசி முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தபோது விரல் பாதி வழியில், விட்ட இடத்திலேயே இருந்தது. நானும் யோசிக்காமல் அங்கிருந்தே படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் நின்றேன். விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவதற்குப் பெர்லில் 'ஈச்' என்று ஒரு கட்டளை உண்டு. எதுவரை எடுத்தோம் என்று அது அந்தப் பெட்டிமேலேயே ஒரு விரலை வைத்துக்கொள்ளும். கடைசிவரை போனால்தான் விரலை எடுக்கும். என் துணுக்கோ கேட்டது கிடைத்தவுடன் பாதியிலேயே ஓடி வந்துவிடுகிறது. விரல் அங்கேயே நிற்கிறது. அடுத்து வேறொரு எண்ணைக் கேட்டால் தேடல் முதலிலிருந்து தொடங்குவதில்லை; விரல் நிற்கிற இடத்திலிருந்து தொடங்கி, மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடுகிறது. அப்படிக் கடைசிவரை போனதால் விரல் எடுபட்டுவிடும். மறுமுறை கேட்டால் முதலிலிருந்து தேடும், கிடைத்துவிடும். உள்ளே ஆழத்திலிருக்கிற சின்னப் பெட்டியில் இன்னொரு விரல் மாட்டிக்கொண்டிருந்தால் மூன்றாவது தடவை. ரெண்டு தடவை, அடம் பிடித்தால் மூணு. அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

மற்றதெல்லாம் தானாக விளங்கியது. பெட்டியில் எத்தனை சாமான் என்று நான் எண்ணச் சொன்னபோது, எண்ணுவதற்காகப் பெர்ல் அந்த விரலை எடுத்துவிட்டது. அதனால்தான் நான் பார்க்கும்போதெல்லாம் நிரல் ஒழுங்காக நடந்துகொண்டது. கிடங்கில் காலையில் தொடங்கினால் மாலைவரை நிற்காமல் ஓடுகிற நிரலை, நான் வீட்டுப்பாடம் மாதிரி ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கிச் சோதித்தேன். முப்பது தடவை என்று பீற்றிக்கொண்டது உண்மையில் முதல் தடவையை முப்பது முறை பார்த்ததுதான். வெட்கமாக இருந்தது. கொமுட்டரில் பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுவலியைத் தவிர. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதத்துக்குப் பயந்தவர். எவ்வளவு நேரம் ஆகும் சரிசெய்ய என்று கேட்டார். ஒரு வரி என்றேன். அப்படியானால் இன்றே சத்தமில்லாமல் திருத்திவிடு, உன் கடிதமும் உண்மையாகிவிடும் என்றார்.

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டவும் தட்டினேன். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் உறைத்தது. நான் இதைத் திருத்திவிட்டால் திங்கட்கிழமை விசாரணையில் எத்தனை பேர் வந்து அழுத்தினாலும் முதல் தடவையே கிடைக்கும். ஒரு தடவைதான் கேட்டார் என்று எழுதிய அக்கா அத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாகிவிடுவார். அவர் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சி என்னுடைய தப்புதான். தட்டிய வரியை அழித்தேன். வாழ்க்கையில் ஒரு கோளாறை நான் கட்டிக் காத்தது அந்த மூன்று நாள்தான்.

திங்கட்கிழமை கிடங்கின் மாடியறையில் விசாரணை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் அக்கா. நல்ல சேலை கட்டி, மடியில் ஒரு நீல ஃபைலை வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். என் கடிதத்தைத்தான் முதலில் வாசித்தார்கள். சிஸ்டத்தில் கோளாறு இல்லை. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். காத்திருக்கிற பார்வை அது.

நான் எழுந்தேன். அந்தக் கடிதம் தப்பு, எழுதியவள் நான், திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பாஸ் கூரையைப் பார்த்தார். மடிக்கணினியில் கிடங்கின் சிஸ்டத்தைத் திறந்து, அதிகாரிகளையே அழுத்தச் சொன்னேன். ஒரு எண், கிடைத்தது. தகராறுக்குரிய பெட்டியின் எண், இல்லை. மறுபடி அதே எண், இருக்கிறது. நடுவில் இருந்தவர் நம்பாமல் வேறு வேறு எண்களாகக் கால் மணி நேரம் அழுத்தினார். கடைசியில் அக்காவைப் பார்த்து, இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு தடவ கேப்போம் சார்" என்றார் அக்கா.

குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் அன்றுதான் யாரோ கையில் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பாஸ் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது போகட்டும்.

விசாரணை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் போட்டுச் சேமித்தேன். பிறகு அக்கா என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், நுரைக்க ஆற்றித் தருகிற பால் தேநீர், தே தாரிக், இரண்டு சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கையை ஆட்டி ஒதுக்கினார். எனக்கோ மனது ஆறவில்லை. பழைய கோபத்தில் ஒரு துளி வேறு மிச்சமிருந்தது.

"இத்தன வருசமா ரெண்டு தடவ அழுத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

அவர் நீல ஃபைலைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்திய மின்னஞ்சல், அச்செடுத்தது. மேலே அவர் எழுதியது: சில சமயம் ஸ்டோரில் இருக்கிற சாமானையே சிஸ்டம் இல்லை என்கிறது மேடம், கொஞ்சம் பாருங்கள். கீழே என் பதில், என் பெயரோடு. என் பக்கம் சரியாக வருகிறது, இன்னொரு தடவை அழுத்திப் பாருங்கள்.

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். எழுதியது எனக்கு நினைவே இல்லை. ஏதோ எரிச்சலில், வேறு வேலைக்கு நடுவில் தட்டியிருப்பேன். அவர் அழுத்திப் பார்த்திருக்கிறார், கிடைத்திருக்கிறது, அதையே மஞ்சள் தாளில் எழுதி ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து, ஒன்பது வருடம் என் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார். அதற்காகவே வேலை போகவிருந்தது. தே தாரிக் ஆறிப்போகும்வரை என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இத ஏன் அங்க காட்டல?" என்று கேட்டேன்.

"காட்டலாம்னுதான் கொண்டாந்தேன் லா. ஒங்க லெட்டர படிச்சப்போ கை ஃபைல் மேலதான் இருந்துச்சு." ஒரு மடக்கு குடித்தார். "மொத தடவ இல்லன்னு சொல்லிட்டீங்க. சரி, ரெண்டாவது தடவ என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டுக் காட்டுவோம்னு இருந்தேன். நீங்களே எந்திரிச்சிட்டீங்க."

அந்தத் தாளை எனக்குத் தரச் சொன்னேன். மேசையில் என் கண் முன்னால் ஒட்டி வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அதை எடுத்து, மடிப்பு கலையாமல் ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

"வேணாம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.